ஸ்காட்லாந்தில் கூடும் குடும்பம்: பிரயாணிகளுக்குச் சில மஸ்அலாக்கள்

அந்நிஸா அத்தியாயத்தின் முதல் வசனத்தில் அல்லாஹு தஆலா மனித குலம் முழுவதையும் அழைத்து, நீங்கள் யாவரும் ஒரே ஆத்மாவிலிருந்து தோன்றியவர்கள் என்று நினைவூட்டித் தனக்கு அஞ்சும்படிக் கட்டளையிடுகிறான். அந்தக் கட்டளையோடு சேர்த்தே இரத்த உறவுகளின் விஷயத்திலும் அஞ்சி நடக்கும்படிக் கூறுகிறான். தன்னை அஞ்சுவதற்கு அடுத்தாற்போல் உறவை வைத்திருப்பதிலிருந்தே அதன் அந்தஸ்தை விளங்கிக் கொள்ளலாம். தனது ரிஸ்க் விசாலமாகவும் ஆயுள் நீளவும் விரும்புகிறவர் தம் உறவினரைச் சேர்ந்து நடக்கட்டும் என்ற கருத்தில் ரஸூலுல்லாஹி (ஸல்) அவர்கள் அருளியிருப்பது புகாரி, முஸ்லிம் இரண்டிலும் பதிவாகியுள்ளது. உறவைச் சேர்ந்து நடப்பதற்குத் தேவையான அளவு உங்கள் வம்சாவளியைக் கற்றுக் கொள்ளுங்கள் என்று அவர்கள் ஏவியதாகத் திர்மிதீயில் வருகிறது.

முன்பெல்லாம் உறவைச் சேர்ந்து நடக்க அதிகத் தூரம் போக வேண்டியிருக்கவில்லை. கீழக்கரையிலோ காயல்பட்டினத்திலோ அடுத்தடுத்த தெருக்களில் பெரியும்மா வீடும் சாச்சா வீடும் இருக்கும். பெருநாளன்று அஸருக்குள் எல்லா வீட்டுக்கும் போய் ஸலாம் சொல்லிவிட்டு வந்துவிடலாம். இன்று நிலைமை வேறு. ஒரு காலத்தில் கொழும்பில் கடை வைத்திருந்த பாட்டனாரின் மக்கள் சென்னையிலும் சிங்கப்பூரிலும் இருக்கிறார்கள். பேரன்மார் துபாயிலும் கனடாவிலும் இருக்கிறார்கள். ஒரு பேரன் கிளாஸ்கோ நகரில் டாக்டராக இருந்து, அங்கேயே பெண் எடுத்துக் குடியேறிவிட்டார். அவர் எல்லோரையும் அழைக்கிறார். அங்கே பள்ளிக்கூடங்கள் ஜூன் மாதக் கடைசியில் விடுமுறை விடுவதால், அந்தச் சமயத்தில் மலைப்பக்கம் ஒரு பெரிய வீட்டை வாடகைக்கு எடுத்து, ஏறக்குறைய 60 பேர் பத்து நாட்கள் கூடியிருப்பதாக ஏற்பாடு. இப்படிப்பட்ட பிரயாணத்தைப் பற்றி நம்மிடம் கேட்கிறவர்கள் பெருகி வருகிறார்கள். அவர்கள் கேட்பதையும், கேட்க மறந்துவிடுவதையும் இங்கே எழுதுகிறோம்.

சிதறிய உறவைத் தேடிச் சேர்வது அந்த நாட்டாருக்கும் புதிதல்ல. ஸ்காட்லாந்தின் மலைநாட்டு மக்கள் ‘கிளான்’ என்ற குலங்களாக வாழ்ந்தவர்கள். அவர்களுடைய கேலிக் மொழியில் அச்சொல்லுக்குப் பிள்ளைகள் என்று பொருள். 1746-ல் கல்லோடன் போர்க்களத்தில் தோற்றபின் குலத் தலைவர்களின் அதிகாரம் ஒடுக்கப்பட்டது. பின்னர் ஆட்டுப் பண்ணைகளுக்காக நிலத்திலிருந்து வெளியேற்றப்பட்டுப் பல்லாயிரம் பேர் கனடாவுக்கும் ஆஸ்திரேலியாவுக்கும் கப்பலேறினார்கள். அவர்களின் சந்ததியார் இன்றும் தம் குலத்தின் ஊரைத் தேடி வருகிறார்கள். 2009 ஜூலையில் எடின்பரோவிலுள்ள ஹோலிரூட் பூங்காவில் இத்தகைய குலங்களின் பெருங்கூட்டம் ஒன்று நடந்தது. குலங்களையும் கோத்திரங்களையும் ஒருவரையொருவர் அறிந்து கொள்வதற்காகவே ஆக்கினோம் என்ற ஹுஜுராத் அத்தியாயத்து வசனம் இங்கே நினைவுக்கு வருகிறது. அறிந்து கொள்வதோடு நில்லாமல் பெருமையடிக்கப் புகுந்தால் அது அஸபிய்யத் ஆகிவிடும்.

புறப்படுவதற்கு முன்பே கவனிக்க வேண்டியது ஒன்று உண்டு. பதிலுக்குப் பதில் செய்கிறவர் உறவைச் சேர்க்கிறவர் அல்லர். அறுந்துபோன உறவை இணைக்கிறவரே உறவைச் சேர்க்கிறவர் என்ற கருத்தில் நாயகம் (ஸல்) அவர்கள் விளக்கியிருப்பது புகாரியில் உள்ளது. ஐயாயிரம் மைல் பறந்து போய்ப் பேரர்களைக் கட்டித் தழுவப் போகிறவர், சொத்துப் பிரிவினையில் முகம் முறிந்து பத்து வருடமாகப் பேசாமலிருக்கும் தம்பியின் வாசலை மிதிக்காமல் விமானம் ஏறினால், அவர் உல்லாசப் பிரயாணம் போகிறார் என்றுதான் நாம் சொல்வோம். தம்பியின் வீடு அடுத்த தெருவில்தான் இருக்கிறது. அதற்கு விசா தேவையில்லை.

செலவு விஷயமும் அப்படியே. வட்டிக் கடன் வாங்கிப் போவது கூடாது. இது கட்டாயப் பிரயாணமல்ல; கையில் இருப்பவர் போகலாம், இல்லாதவர் போகாததால் குற்றவாளியாக மாட்டார். ஆனால் அறுபது பேரில் இருவர் மட்டும் வசதியில்லாமல் பின்தங்கிவிட்டால், அவர்களை விட்டுவிட்டுச் செய்யும் கூட்டம் குறையுள்ளது. வசதியுள்ளவர்கள் தங்களுக்குள் பங்கிட்டு அவர்களுடைய டிக்கெட்டை ஏற்றுக் கொள்ளட்டும். உறவினருக்குச் செய்யும் தர்மத்தில் தர்மத்தின் நன்மையும் உறவைச் சேர்த்த நன்மையுமாக இரண்டு உண்டு என ஹதீஸ் வந்துள்ளது. ஆனால் ஜகாத் பணத்தை உல்லாசச் செலவுக்கு எடுத்துக் கொடுத்துவிட்டுக் கடமை தீர்ந்தது என்று எண்ணிவிடக் கூடாது.

பெண்களின் பிரயாணம் பற்றிச் சுருக்கமாகச் சொல்கிறோம். இது பர்ளான ஹஜ் அல்ல. ஆகவே கணவரோ மஹ்ரமோ உடன் செல்ல வேண்டும் என்பதே நம் மத்ஹபுகளின் தீர்ப்பு. விதவையான ஒரு மாமியைத் தனியே ஏற்றிவிட்டு, அங்கே வந்து அழைத்துக் கொள்கிறோம் என்பது சரியல்ல. சகோதரரின் மகனும் சகோதரியின் மகனும் அவருக்கு மஹ்ரம்தான். அவர்களில் ஒருவரின் பயணத் தேதியோடு இவருடைய தேதியையும் சேர்த்துவிட்டால் காரியம் முடிந்தது.

இனித் தொழுகைக்கு வருவோம். இங்கிருந்து கிளாஸ்கோ போகிறவர்கள் பெரும்பாலும் துபாய் போன்ற ஊரில் விமானம் மாறிப் போகிறார்கள். போகும்போது சூரியன் போகும் மேற்குத் திசையிலேயே விமானமும் போவதால் பகல் நீளும். திரும்பும்போது கிழக்கு நோக்கி வருவதால் இரவு சுருங்கும். இஷாவுக்குப் பின் சிறிது கண்ணயர்வதற்குள் சுபுஹு வந்துவிடும். நம் மக்கள் ஏமாந்து போவது இந்தச் சுபுஹில்தான். ஷாபிஈ மத்ஹபில் லுஹரை அஸரோடும், மஃரிபை இஷாவோடும் பிரயாணி சேர்த்துத் தொழலாம். பிற்படுத்திச் சேர்ப்பதானால், முந்திய தொழுகையின் வக்து முடிவதற்குள் அதைப் பிற்படுத்துவதாக நிய்யத் செய்துகொள்ள வேண்டும். சுபுஹுக்கோ சேர்த்துத் தொழும் சலுகை எந்த மத்ஹபிலும் கிடையாது. அதன் வக்து விமானத்தில் வந்து விமானத்திலேயே போய்விடுமானால், விமானத்திலேயே தொழ வேண்டும். பணியாளர்களிடம் கேட்டால் பின்பக்கத்தில் ஒருவர் நின்று தொழும் இடம் சில சமயம் கிடைக்கும். நின்று, கிப்லாவை நோக்கி, ருகூஉ சுஜூது செய்ய முடிந்தால் தொழுகை நிறைவேறிவிடும். எவ்விதத்திலும் முடியாவிட்டால் வக்தின் கண்ணியத்துக்காக இருக்கையிலேயே தொழுதுவிட்டு, இறங்கியபின் மீட்டித் தொழ வேண்டும் என்பது ஷாபிஈ மத்ஹபு. முகம் கழுவத் தண்ணீர் போதாது என்று நினைக்க வேண்டாம். ஒளுவின் பர்ளுகளை ஒவ்வொரு முறை மட்டும் கழுவ ஒரு சிறு போத்தல் தண்ணீர் போதும்.

அங்கே இறங்கியதும் முதலில் திசையைக் கேட்டுக் கொள்ளுங்கள். பிறந்தது முதல் மேற்கு நோக்கியே தொழுத நம் பெரியவர்கள், எந்த ஊர் போனாலும் சூரியன் மறையும் பக்கம் முஸல்லாவை விரித்துவிடுவார்கள். ஸ்காட்லாந்துக்குக் கிப்லா தென்கிழக்கு. கோடையில் அங்கே சூரியன் வடமேற்கில் மறைவதால், மறையும் பக்கம் திரும்பினால் முதுகுதான் கிப்லாவை நோக்கியிருக்கும்.

அடுத்தது கஸ்ர். போகும் தூரம் சுமார் 80 கிலோமீட்டருக்குக் குறையாதிருந்தால் பிரயாணி நான்கு ரக்அத் தொழுகையை இரண்டாகச் சுருக்கலாம். இதில் யாருக்கும் சந்தேகமில்லை. சந்தேகம் எழுவது தங்கும் நாட்களில். ஷாபிஈ மத்ஹபில், வந்திறங்கும் நாளும் புறப்படும் நாளும் நீங்கலாக ஓரிடத்தில் முழுதாக 4 நாட்கள் தங்குவதாக நிய்யத் வைத்தவர், அவ்விடம் சேர்ந்ததுமே முகீம் ஆகிவிடுவார். அவருக்குக் கஸ்ரும் இல்லை, ஜம்உவும் இல்லை. ஹனஃபி மத்ஹபிலோ 15 நாட்கள் தங்கும் நிய்யத் இருந்தால்தான் முகீம். அதற்குக் குறைந்தால் சுருக்கித் தொழுவது அவர்மீது வாஜிப்.

இப்போது நம் குடும்பத்தைப் பாருங்கள். ஒரே வீட்டில் பத்து நாட்கள் தங்கல். கடற்கரை ஊர்களிலிருந்து வந்த ஷாபிஈகள் நான்கு ரக்அத் தொழ வேண்டும். மருமகன் வழியில் சென்னையிலிருந்து வந்த ஹனஃபிகள் இரண்டு தொழ வேண்டும். கிளாஸ்கோவிலிருந்து வந்த சம்பந்தி வீட்டாரின் நிலை வீடு எங்கே இருக்கிறது என்பதைப் பொறுத்தது. வீடு லோமண்ட் ஏரியின் தென்கரையில் இருந்தால் அவர்களுடைய ஊரிலிருந்து தூரம் போதாது, அவர்கள் முகீம்கள். இன்வர்னஸ் பக்கம் இருந்தால் 250 கிலோமீட்டருக்கு மேல், அவர்களும் பிரயாணிகள். ஸ்காட்லாந்து முஸ்லிம்களில் பாகிஸ்தான் வம்சாவளியினரே அதிகமாதலால், சம்பந்தி வீட்டார் ஹனஃபிகளாக இருப்பதே வழக்கம். ஆக, ஒரே ஸஃப்பில் நிற்பவர்களுக்குள் மூன்று விதமான நிலை. முதல் நாள் லுஹரிலேயே, “நீங்கள் ஏன் ஸலாம் கொடுத்துவிட்டீர்கள்?” “நீங்கள் ஏன் எழுந்தீர்கள்?” என்று பேச்சு தொடங்கும். அங்கிருந்து உன் மத்ஹப், என் மத்ஹப் என்று போகும். சேரப் போன உறவு முஸல்லாவின் மேலேயே பிரிந்துவிடும்.

இதற்குத் தீர்வு மிக எளிது. நான்கு தொழ வேண்டியவர் ஒருவர் இமாமாக நிற்கட்டும். முகீமுக்குப் பின்னால் நிற்கும் பிரயாணியும் நான்கு ரக்அத்தே தொழ வேண்டும் என்பதில் இரண்டு மத்ஹபும் ஒன்று. எனவே எல்லோரும் ஒன்றாகத் தொடங்கி ஒன்றாக முடிக்கலாம். பிறருடைய அதிகாரத்துக்குட்பட்ட இடத்தில் அவர் அனுமதியின்றி இமாமத் செய்யக் கூடாது என்று ஹதீஸில் வந்திருப்பதால், அழைத்து விருந்து வைக்கும் வீட்டுக்காரரையே முன்னிறுத்துவது, அவர் அன்று முகீமாகவும் ஓதத் தெரிந்தவராகவும் இருந்தால், மிகவும் பொருத்தம். பிரயாணி ஒருவர்தான் இமாமத்துக்குத் தகுதியானவர் என்றால், அவர் இரண்டில் ஸலாம் கொடுத்ததும் முகீம்கள் எழுந்து மீதியைப் பூர்த்தி செய்வார்கள். ஹஸ்ரத் உமர் (ரலி) அவர்கள் மக்காவுக்கு வந்தபோது இப்படித்தான் தொழவைத்து, நாங்கள் பிரயாணிகள், உங்கள் தொழுகையை நிறைவு செய்து கொள்ளுங்கள் என்ற பொருளில் அறிவித்தார்கள் என்று முவத்தாவில் காண்கிறோம். தக்பீர் கட்டுவதற்கு முன்பே இமாம் சொல்லிவிட்டால் குழப்பம் இராது.

தங்கலை மாற்றி அமைத்தால் சட்டமும் மாறும். முதல் மூன்று நாள் கிளாஸ்கோ, அடுத்த மூன்று நாள் மலைநாடு, கடைசி மூன்று நாள் எடின்பரோ என்று சுற்றுகிறவர்கள் எந்த இடத்திலும் முழு நான்கு நாள் தங்காததால், ஷாபிஈ மத்ஹபிலும் பிரயாணம் முடியும்வரை கஸ்ரும் ஜம்உவும் செய்யலாம். சட்டத்தைத் தெரிந்துகொண்டு திட்டம் போடுவது தந்திரமல்ல. மார்க்கம் கொடுத்த சலுகையைப் பெறுவதே.

“அறுபது பேர் இருக்கிறோமே, வெள்ளிக்கிழமை நாமே ஜும்ஆ நடத்திவிட்டால் என்ன?” என்றும் கேட்கிறார்கள். கூடாது. ஷாபிஈ மத்ஹபில் ஜும்ஆ நிறைவேற அவ்வூரையே நிரந்தர வாசஸ்தலமாகக் கொண்ட 40 ஆண்கள் வேண்டும். விருந்தாளிகள் எத்தனை பேர் கூடினாலும் அந்தக் கணக்கில் சேர மாட்டார்கள். ஹனஃபி மத்ஹபில் எண்ணிக்கை குறைவு என்றாலும் ஊருக்குரிய நிபந்தனைகள் உண்டு. மலையடிவாரத்து வாடகை வீடு ஊர் ஆகாது. கிளாஸ்கோவில் கிளைட் நதிக்கரையில் பெரிய ஜாமிஆ பள்ளி இருக்கிறது. எடின்பரோவில் 1998-ல் திறக்கப்பட்ட மத்தியப் பள்ளி இருக்கிறது. வட அட்லாண்டிக்கின் லூயிஸ் தீவில் ஸ்டோர்னோவே என்ற சிற்றூரிலேயே 2018 முதல் பள்ளிவாசல் உண்டு. 2022 குடிமதிப்பின்படி அந்நாட்டில் முஸ்லிம்கள் ஒரு லட்சத்துக்கு மேல், நூற்றுக்கு 2.2 பேர். பள்ளிக்குப் போக முடிந்தவர்கள் போகட்டும். மற்றவர்கள் லுஹர் தொழட்டும்.

எல்லாவற்றிலும் சிக்கலானது இஷா. நம் ஊரில் மஃரிப் ஆகி ஒண்ணேகால் மணி நேரத்தில் இஷா பாங்கு கேட்டுவிடும். ஜூன் கடைசியில் கிளாஸ்கோவில் சூரியன் மறைவதே இரவு பத்து மணி தாண்டி. காலையில் நாலரை மணிக்கெல்லாம் உதித்துவிடும். நள்ளிரவில்கூட சூரியன் அடிவானத்துக்குக் கீழே 11 பாகைக்கு மேல் இறங்குவதில்லை. இஷாவுக்கும் சுபுஹுக்கும் வழக்கமாகக் கணக்கிடும் 18 பாகை, மே முதல் வாரத்திலிருந்து ஆகஸ்ட் முதல் வாரம்வரை அங்கே வருவதே இல்லை. வடவானத்தில் வெளிச்சம் விடிய விடிய நிற்கும். அந்த வெளிச்சத்தின் எந்தப் பங்கு அந்தி, எந்தப் பங்கு விடியல் என்று பிரிக்க முடியாது.

இது புதிய பிரச்சினை என்று நினைத்து, பழைய கிதாபுகளில் விடை இராது என்று சிலர் பேசுகிறார்கள். அது அறியாமை. ருஷ்யாவில் வோல்கா நதிக்கரையில் பல்கார் என்ற பட்டணம் இருந்தது. ஏறக்குறைய கிளாஸ்கோவின் அட்சரேகையிலேயே உள்ள ஊர். அதன் அரசர் இஸ்லாத்தைத் தழுவியபின், பக்தாதிலிருந்து கலீஃபா முக்ததிர் அனுப்பிய தூதுக் குழுவில் இப்னு ஃபள்லான் என்பவர் கி.பி. 922-ல் அங்கே போனார். கூடாரத்தில் ஒருவரோடு பேசிக்கொண்டே இஷா பாங்குக்காகக் காத்திருந்ததாகவும், பாங்கு கேட்டு வெளியே வந்தால் விடிந்திருந்ததாகவும், இஷா என்னவாயிற்று என்று முஅத்தினைக் கேட்டபோது, அதை மஃரிபோடு சேர்த்தே தொழுகிறோம் என்று அவர் சொன்னதாகவும் எழுதி வைத்திருக்கிறார். அதன் பின்னர் பல்கார்வாசிகளின் இஷா, ஹனஃபி கிதாபுகளில் ஒரு தனி மஸ்அலாவாகவே இடம் பெற்றது. வக்து வராத இடத்தில் இஷா கடமையில்லை என்று சிலர் சொன்னார்கள். இமாம் இப்னுல் ஹுமாம் (ரஹ்) போன்ற ஆய்வாளர்கள் அதை ஏற்கவில்லை. தஜ்ஜாலின் காலத்தில் ஒரு நாள் ஒரு வருடம் போலிருக்கும் என்று நாயகம் (ஸல்) அவர்கள் அறிவித்தபோது, அதில் ஒரு நாள் தொழுகை போதுமா என்று ஸஹாபாக்கள் கேட்டார்கள். போதாது, நேரத்தை மதிப்பிட்டுக் கொள்ளுங்கள் என்ற கருத்தில் பதில் வந்தது. முஸ்லிமில் உள்ள இந்த ஹதீஸே அவர்களுக்கு ஆதாரம். அடையாளம் மறைந்தாலும் கடமை மறையாது. ஷாபிஈ மத்ஹபில், அந்தி மறையக்கூடிய மிக அருகிலுள்ள ஊரைக் கொண்டு மதிப்பிட வேண்டும் என்று தெளிவாகவே எழுதியிருக்கிறார்கள்.

நடைமுறையில் நாம் சொல்வது இது. மதிப்பீட்டை அவரவர் செய்ய வேண்டாம். அங்குள்ள ஆலிம்கள் கூடிப் பேசி ஒவ்வொரு பள்ளியிலும் கால அட்டவணை வெளியிட்டிருக்கிறார்கள். ஆறு பேர் கைபேசியை எடுத்தால் ஆறு நேரம் காட்டும். ஒன்று 18 பாகை, ஒன்று 15, ஒன்று 12. அதை வைத்துக்கொண்டு ராத்திரி பன்னிரண்டு மணிக்கு விவாதம் நடத்துவது வீண். அருகிலுள்ள பள்ளியின் அட்டவணையை அடுப்படிச் சுவரில் ஒட்டிவையுங்கள். வீடு முழுவதற்கும் அதுவே நேரம். பிரயாணியாக உள்ள ஷாபிஈக்கு இஷாவை மஃரிபோடு முற்படுத்திச் சேர்த்துத் தொழுவது தாராளமாகக் கூடும். குழந்தைகளுள்ள தாய்மாருக்கும் வயோதிகர்களுக்கும் அது பெரிய உபகாரம். ஹனஃபிகள் அட்டவணைப்படி பிந்தித் தொழட்டும். ஒருவர் மற்றவரைப் பார்த்து முகம் சுளிக்க வேண்டியதில்லை. அஸரிலும் இதே கதைதான். அங்கே ஷாபிஈ அஸர் மாலை ஆறு மணிக்குச் சற்று முன்னும், ஹனஃபி அஸர் ஏழு மணி அளவிலும் ஆகும். ஜமாஅத்தை ஏழு மணிக்குப் பின் வைத்தால் இருவருக்கும் கூடும்.

இஷாவுக்குப் பின் பேசிக் கொண்டிருப்பதை நாயகம் (ஸல்) அவர்கள் வெறுத்தார்கள். ஆயினும் குடும்பத்தாரோடும் விருந்தினரோடும் பேசியிருப்பதற்கு இமாம் புகாரி (ரஹ்) தனிப் பாடமே அமைத்திருக்கிறார்கள். இருபது வருடம் காணாத காக்காவும் லாத்தாவும் உட்கார்ந்து உம்மாவின் பழங்கதைகளைப் பேசுவதை நாம் தடுக்க மாட்டோம். ஆனால் இரவு மொத்தமே ஆறரை மணி நேரம். மூன்று மணிக்குப் படுத்தவரைச் சூரியன் உதிக்குமுன் யார் எழுப்புவது? பெரியவர்களில் இருவர் முறைவைத்து அந்தப் பொறுப்பை ஏற்றுக் கொள்ளட்டும்.

உணவைப் பற்றி அதிகம் எழுதத் தேவையில்லை. கிளாஸ்கோவில் ஹலால் கசாப்புக் கடைகளுக்குக் குறைவில்லை. ஆட்டின் ஈரல், இதயம், நுரையீரலை ஓட்ஸோடு சேர்த்து இரைப்பையில் கட்டி வேகவைக்கும் ஹேகிஸ் அந்நாட்டின் பேர்பெற்ற பண்டம். நம் ஊர்க் குடல் கறிக்கு ஒன்றுவிட்ட சகோதரன் போன்றது. அறுப்பு ஹலாலானால் பண்டமும் ஹலால். கிரனாக்கன் என்ற பாலாடை இனிப்பில் விஸ்கி ஊற்றுவது வழக்கம். பழம் என்று நம்பிப் பிள்ளைகள் எடுத்துவிட வேண்டாம். மீன் கடைகளில் மாட்டுக் கொழுப்பில் பொரிப்பதும் உண்டு; கேட்டு வாங்க வேண்டும். படம் எடுப்பதற்காக இளைஞர்கள் கில்ட் என்னும் கட்டம் போட்ட பாவாடையை உடுத்துகிறார்கள். அது முழங்காலோடு நின்றுவிடும். உட்கார்ந்தால் தொடை தெரியும். அதைவிட நம் கைலி எவ்வளவோ மேல். கைலி போலவே பெயர் ஒலிக்கும் கெய்லி என்ற ஆண்-பெண் சேர்ந்தாடும் நடனம் ஒன்றும் உண்டு. அதன் பக்கமே போக வேண்டாம்.

ஒரே கூரையின் கீழ் அறுபது பேர் என்பதால் ஒன்றை வெளிப்படையாகச் சொல்லத்தான் வேண்டும். மச்சானும் மச்சியும், சாச்சா மகனும் மாமி மகளும் ஒருவருக்கொருவர் மஹ்ரம் அல்லர். கணவரின் சகோதரர் விஷயத்தில் நாயகம் (ஸல்) அவர்கள் மரணத்தையே உவமையாகக் கூறி எச்சரித்திருக்கிறார்கள். மாடி பெண்களுக்கு, கீழ்த்தளம் ஆண்களுக்கு என்றோ, அறைகளைப் பிரித்தோ முதல் நாளே ஏற்பாடு செய்துவிட்டால் பிறகு யாரையும் கண்டிக்க வேண்டிய சங்கடம் வராது. சாப்பாட்டுக் கூடத்தில் பெரியவர்கள் முன்னிலையில் நலம் விசாரிப்பதும், யார் யாருக்கு என்ன முறை என்று பிள்ளைகளுக்குச் சொல்லிக் கொடுப்பதும் நல்லதே. வம்சாவளியைக் கற்கச் சொன்ன ஹதீஸ் அமலுக்கு வருவது அங்கேதான். கனடாவில் பிறந்த பிள்ளைக்குப் பெரியும்மா யார், சாச்சி யார் என்பது எழுதிக் காட்டினால்தான் புரியும். ஒரு பெரிய தாளில் பாட்டனார் பெயரை மேலே எழுதி, கிளை கிளையாக எல்லோர் பெயரையும் எழுதச் சொல்லுங்கள். இறந்தவர்களின் பெயர் வரும்போது அவர்களுக்காகத் துஆ செய்யச் சொல்லுங்கள்.

திரும்பி வந்தபின் எழும் ஒரு மஸ்அலா பாக்கியிருக்கிறது. பிரயாணத்தில் தவறிப்போன லுஹரையோ அஸரையோ ஊருக்கு வந்து களா செய்கிறவர், ஷாபிஈயானால் நான்கு ரக்அத்தாகத் தொழ வேண்டும். கஸ்ருக்குக் காரணமான பிரயாணம் முடிந்துவிட்டது. ஹனஃபியானால், தவறியபோது கடமையாயிருந்த இரண்டையே தொழ வேண்டும். தம் ஊர் எல்லைக்குள் நுழைந்த கணத்திலிருந்து இருவருமே முகீம்கள். நாயகம் (ஸல்) அவர்கள் பிரயாணத்திலிருந்து திரும்பினால் முதலில் பள்ளிக்குச் சென்று இரண்டு ரக்அத் தொழுதுவிட்டே வீடு செல்வார்கள். அந்த இரண்டு ரக்அத் சுன்னத்தாகும். கஸ்ர் கணக்கில் சேராது.